முப்பத்தெட்டாவது அடி

முப்பத்தெட்டாவது அடியை வைத்து, இடது பக்கம் திரும்பி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன சின்னதுரை, தன் கட்டிலில் ஜமால் முகமது உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

சின்னதுரைக்கு எழுபத்தெட்டு வயது. அதில் இருபத்தொன்பது வருடம் அரியலூர் - செந்துறை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிடுவது அவருக்குப் பழகிப்போன வேலை.

"பாய், இது என் இடம். எந்திரிங்க."

"ஒக்காருங்க கண்டக்டரே," என்றார் ஜமால் முகமது, சுண்ணாம்பு விரலைத் தூக்கிப் பிடித்தபடி.

"நான் ஏன் ஒக்காரணும்? நீங்க எந்திரிங்க."

இருவரும் அடுத்தடுத்த அறைக்காரர்கள். ஜமால் முகமது லப்பைக்குடிக்காட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மனைவி ரஷீதா மவுத்தாகி, பிள்ளைகள் இருவரும் துபாயில் குடும்பத்தோடு தங்கிவிட, இங்கே வந்து சேர்ந்தார். நாற்பது வருடம் கடையில் உட்கார்ந்து எல்லாவித ஆட்களையும் பார்த்துவிட்டதால் அவருக்குக் கோபம் என்பதே வராது. அவர் எழுந்திருக்கவில்லை. மெதுவாகச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். சின்னதுரையும் பார்த்தார். தன்னுடைய பழைய தோல்பை தொங்க வேண்டிய ஆணியில் தொழுகை விரிப்பு ஒன்று மடித்துத் தொங்கியது.

சின்னதுரைக்குக் காது மடல் சூடேறிவிட்டது.

"ஒரு எட்டு உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். பாத்தாச்சு, வரேன்," என்று வாக்கரைத் திருப்பினார்.

வாசலில் மாப்புக் கட்டையோடு கொளஞ்சி நின்றிருந்தாள். இல்லத்தில் கூட்டுவது, துடைப்பது, துவைப்பது எல்லாம் அவள்தான். அவளுக்குப் பின்னால், கையில் போனோடு மேனேஜர் வெற்றிச்செல்வி நின்றிருந்தார். கொளஞ்சி பார்த்திருந்தால் பரவாயில்லை. மேனேஜர் பார்த்துவிட்டதுதான் வினை.

அந்த முதியோர் இல்லத்தின் பெயர் நிழற்குடை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், மக்காச்சோளம் ஒடித்து வெறிச்சென்று கிடந்த கொல்லைகளுக்கு நடுவில் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் மகன் கலையரசன் காரில் கொண்டுவந்து இறக்கியபோது, சின்னதுரை போர்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். பேர் என்னவோ பஸ் ஸ்டாப்பு, ஆனால் எந்த வண்டியும் நிற்காது போலிருக்கிறதே என்றார். கலையரசனும் சிரித்துவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினான். அன்றைக்குப் போன வண்டி அதற்கப்புறம் பொங்கலுக்குப் பொங்கல்தான் வருகிறது. மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போகும்.

ஆண்கள் பக்கம் ஒரே ஒரு தாழ்வாரம். சாப்பாட்டுக் கூடத்து நிலைப்படியில் ஆரம்பித்தால் இடது கைப் பக்கம் மூன்று அறைகள், நான்காவதாக ஆபீஸ். கதவுகள் எல்லாம் ஒரே நீலம். நம்பர் போட்டால் ஜெயில் மாதிரி இருக்கிறது என்று வெற்றிச்செல்வி வந்த புதிதில் அழித்துவிட்டார். கதவுக்கு மேலே பதித்திருந்த கல்லைப் படித்தாவது கண்டுபிடிக்கலாம் என்றால், மூன்று அறைகளையும் கட்டிக் கொடுத்தது ஒரே புண்ணியவான். மூன்றிலும் அவருடைய தாயார் பெயர்தான்.

அதனால் சின்னதுரைக்கு எண்ணிக்கைதான் கண். கண்ணில் புரை விழுந்து, தாழ்வாரம் மார்கழிப் பனியில் தெரிகிற ரோடு மாதிரி ஆனபோதும் அவர் அசரவில்லை. நிலைப்படியிலிருந்து முப்பத்தெட்டு அடி, இடது பக்கம் கதவு. கண்டக்டருக்கு ஸ்டேஜ் தெரிந்தால் போதும், ரோடு தெரிய வேண்டியதில்லை என்பார். மூன்று வருடமாக முப்பத்தெட்டு பிசகியதில்லை. போன வருடம் சிக்குன்குனியா வந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்துவிட்டு வந்த அன்றைக்குக்கூட, கால் நடுங்க நடுங்க எண்ணிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். சரியாக அவர் பெட்டி, அவர் கட்டில், அவர் தோல்பை.

அப்போது இரண்டே இரண்டு விஷயங்கள்தான் உதைத்தன. ஜன்னலில் நேர் எதிரே தெரிந்த சாலையோரப் புளியமரம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. நெடுஞ்சாலைக்காரர்கள் மரத்தைப் பெயர்த்து நட்டிருக்கிறார்கள், இப்போதெல்லாம் அதற்கும் மிஷின் இருக்கிறது என்று அவர் எல்லோருக்கும் விளக்கினார். இன்னொன்று, சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து நெஞ்சுச்சளியோடு ரிட்டயரான இராமலிங்கத்தின் இருமல். அது முன்பெல்லாம் ஒரு பக்கத்துச் சுவரிலிருந்து கேட்கும், இப்போது எதிர்ப்பக்கத்துச் சுவரிலிருந்து கேட்டது. காய்ச்சல் காதையும் விட்டுவைக்கவில்லை என்று சின்னதுரை அதையும் விட்டுவிட்டார்.

அப்படிப்பட்ட முப்பத்தெட்டு, இந்தப் பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை, காலை வாரிவிட்டது.

வெற்றிச்செல்வி கெட்டவர் அல்ல. ஆனால் இல்லத்துக்கு ஒரு விதி இருந்தது. வழி தெரியாமல் அடுத்தவர் அறைக்குள் போகிறவர்களை மூன்றாவது தடவையோடு பின்கட்டுக்கு மாற்றிவிடுவார்கள். பின்கட்டில் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி.

சின்னதுரை தாழ்ப்பாளுக்குக்கூட அவ்வளவாகப் பயப்படவில்லை, தண்ணீர்த் தொட்டிக்குத்தான் பயந்தார். அவருடைய ஜன்னலில் ரோடு தெரியும். ரோடு கலங்கலாகத் தெரிந்தாலும், வருகிற வண்டி எது, எத்தனை நிமிடம் லேட்டு, எந்த டிரைவர் கியரை இழுத்து அடிக்கிறான் என்பதெல்லாம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். காலை ஒன்பது இருபதுக்குச் செந்துறை வண்டி போகும்போது, யாரும் இல்லாத அறையில், வாய்க்குள்ளேயே "போலாம், ரைட்" என்பார். அதைச் சொல்லாத நாளில் அவருக்குப் பொழுது விடிந்ததாகவே இருக்காது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குத்தான் அவர் காலையில் எழுந்திருப்பதே.

அன்று சாயந்திரம் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். முப்பத்தெட்டு தப்பாக இருக்க முடியாது. அப்படியென்றால் தாழ்வாரம்தான் நீண்டிருக்கிறது. ஓரத்தில் டைல்ஸ் மாற்றினார்களே, அப்போது இழுத்துக் கட்டியிருப்பார்கள். இனி எட்டு அடி கூட்டி நாற்பத்தாறாக எண்ணினால் சரியாகிவிடும்.

கொளஞ்சியிடம் இதைச் சொன்னபோது அவள் மாப்பைப் பிழிந்துகொண்டே, "கட்டடமெல்லாம் நீளலைங்க பெரியப்பா. காலைத் தேச்சுக்கிட்டுப் போகாம தூக்கி வைங்க," என்றாள். துடைத்த தரை அழுக்காகிறதே என்ற எரிச்சலில் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் ரசம் சாதத்தை முடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்று, மூச்சை இழுத்து, எண்ண ஆரம்பித்தார். இருபது. இருபத்தைந்து. முப்பத்தொன்றில் இருக்கும்போது எதிரே இருமிக்கொண்டு வந்த இராமலிங்கம், மணி என்ன ஆச்சு கண்டக்டரே என்று கேட்டார்.

மணி கேட்டால் கண்டக்டருக்கு வாய் தானாகத் திறக்கும். "ஒண்ணு," என்றார் சின்னதுரை.

அடுத்த அடிக்கு, "ரெண்டு."

அங்கிருந்து நாற்பத்தாறு வரை ஒன்றுகூட விடாமல் எண்ணிக்கொண்டு போய், இடது பக்கம் திரும்பி, கதவைத் திறந்து, நல்ல வெயிலில் நடந்துவந்தவர் மாதிரி அப்பாடா என்று சொல்லி, சட்டையைக் கழற்றி ஆணி இருக்கும் இடத்தில் மாட்டினார். ஆணி இல்லை. சட்டை விழுந்தது மேனேஜர் மேசையின் மேல். எதிர் நாற்காலிகளில் திருச்சியிலிருந்து இல்லத்தைப் பார்க்க வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும், அவர்களோடு கொண்டுவந்த ஒரு கேக்கும். சட்டையின் ஒரு கை கேக்கில் பதிந்திருந்தது.

"வெக்கை அதிகம்," என்று சின்னதுரை அவர்களிடம் சொன்னார். வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவர்கள் போன பிறகு வெற்றிச்செல்வி அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தன்மையாகத்தான் பேசினார். இது ரெண்டாவது தடவை. வியாழக்கிழமை டிரஸ்ட் செயலாளர் வருகிறார். பதிவேட்டைப் பார்ப்பார். இன்னொரு தடவை நடந்தால் தன்னால் எதுவும் செய்ய முடியாது.

"பின்கட்டுலயும் நல்லா பாத்துக்குவாங்க ஐயா," என்றார். "எல்லாத்தையும் அவங்களே செஞ்சுடுவாங்க. நீங்க நடக்கவே வேண்டாம்."

நடக்கவே வேண்டாம் என்றதும் சின்னதுரை வாக்கரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இறங்கும் இடம் தெரியாமல் முழித்த எத்தனையோ கிழவிகளை அவர் வண்டியில் அதட்டியிருக்கிறார். ஒருத்தியை ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறக்கிவிட்டு, நடந்து போ ஆத்தா, கால் எதுக்கு இருக்கு என்றுகூடச் சொல்லியிருக்கிறார். வண்டி முழுக்கச் சிரித்தது. நாற்பது வருடம் கழித்து அவள் முகம் ஞாபகம் வந்தது.

இனி எண்ணிக்கையை நம்பிப் புண்ணியமில்லை, அடையாளம்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். துண்டைக் கட்டினால் கொளஞ்சி துவைக்க எடுத்துப் போய்விடுவாள். எழுதி ஒட்டினால், படிக்கக் கண் இல்லை. ஏன் ஒட்டினாய் என்று மேனேஜர் வேறு கேட்பார். பச்சையாக, கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் மூக்குக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது வேண்டும்.

புதன்கிழமை விடிந்ததும் முற்றத்து வேப்பமரத்தில் கைக்கெட்டிய கிளையிலிருந்து ஒரு கொத்தை ஒடித்து வந்து, தன் கதவு நிலையில் செருகினார். தள்ளி நின்று பார்த்தார். பளிச்சென்று பச்சை. வாசனையும் இருந்தது. இவ்வளவு சுலபமான யோசனை இத்தனை நாள் தோன்றவில்லையே என்று சந்தோஷமாகக் கட்டிலில் போய்ச் சாய்ந்தார்.

பங்குனி மாதம், வாசலில் வேப்பிலை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

முதலில் பார்த்தவள் சமையல்கார சாந்தா. காப்பியோடு வந்தவள் வாசலிலேயே நின்று, செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மா எப்ப வந்தாங்கய்யா?"

"யாரு அம்மா?"

"ஆத்தா. முத்து போட்டிருக்கா?"

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு அம்மையும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அப்படியென்றால் வேப்பிலை எதற்கு என்று கேட்பாள். என் அறை எனக்கே தெரியவில்லை, அதற்காகச் செருகினேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் தண்ணீர்த் தொட்டி.

"காலையிலதான் வந்தா," என்றார் சின்னதுரை.

பத்து மணிக்குள் அவர் வாசலில் இளநீர், மோர், உப்பில்லாத கஞ்சி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வைத்தவர்கள் கும்பிட்டுவிட்டு நான்கடி பின்னாலேயே நடந்து போனார்கள். உள்ளே யாரும் வரவில்லை. எதிர்ப்பக்கத்துப் பெண்கள் வரிசையிலிருந்து ஆண்டாயி என்ற கிழவி அங்கேயிருந்தே இவர் பக்கம் பார்த்துக் கையெடுத்தாள். வெற்றிச்செல்வி மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்று, கலையரசனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டதாகவும், நல்ல டாக்டரா பாருங்க, ஞாயித்துக்கிழமை பேசுறேன் என்று அவன் சொன்னதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

தெய்வமாக இருப்பது என்ன பாடு என்று அன்றைக்குச் சின்னதுரைக்குத் தெரிந்தது. வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். உள்ளே வந்து உட்கார்ந்து, தூங்கினியா, வலிக்குதா என்று கேட்க ஆள் கிடையாது. ஒன்பது இருபது வண்டி ஒன்பது இருபத்தாறுக்குப் போனது. ஆறு நிமிடம் லேட்டு என்பதைச் சொல்லக்கூட ஒரு காது இல்லை.

மத்தியானம், மோரும் இளநீரும் தன் வேலையைக் காட்ட, அவர் வாக்கரை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி இருந்த கழிப்பறைக்குப் போனார். தாழ்வாரம் காலியாக இருந்தது. திரும்பி நிலைப்படிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தவருக்குத் தலை சுற்றியது.

மூன்று கதவுகளிலும் வேப்பிலை. நான்காவதாக ஆபீஸிலும் வேப்பிலை. தனக்கும் வந்துவிடக் கூடாதே என்று ஆளாளுக்கு ஒடித்துச் செருகிவிட்டார்கள். முற்றத்து மரம் மொட்டையாக நின்றது.

அப்படியே உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். வேறு வழியில்லாமல் பழையபடி எண்ணினார். முப்பத்தெட்டு. இடது பக்கம். கதவு.

ஆணியில் தொழுகை விரிப்பு.

"ஒக்காருங்க கண்டக்டரே," என்றார் ஜமால் முகமது.

இந்த முறை சின்னதுரை உட்கார்ந்துவிட்டார். ஜமால் முகமது எழுந்து வந்து, பயமில்லாமல் அவருடைய கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்தார்.

"ஒரு கொப்புளத்தைக்கூட காணோமே."

"வரல பாய்."

"அப்ப வேப்பிலை?"

சின்னதுரை தரையைப் பார்த்தார். "அடையாளத்துக்குச் செருகுனேன். என் ரூமு எதுன்னு எனக்குத் தெரியல பாய்."

மூன்று நாளாக யாரிடமும் சொல்லாத வார்த்தை. ஜமால் முகமது சிரிப்பார் என்று நினைத்தார். அவர் சிரிக்கவில்லை. ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளி, நிதானமாகக் கேட்டார்.

"எத்தனை அடி?"

"முப்பத்தெட்டு."

"முந்தாநாளும் முப்பத்தெட்டுதானா?"

"எப்பவுமே முப்பத்தெட்டுதான். என்னைக்கு மாத்துனேன்?"

"எண்ணி முடிச்சப்ப, சரியா என் வாசல்லதான் நின்னீங்களா?"

"அதான் வந்து ஒக்காந்திருக்கேன்ல."

ஜமால் முகமது வெற்றிலையை மடித்து அவர் கையில் கொடுத்தார். இருவரும் மென்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் தான் வந்தது தப்பான அறை என்பதே சின்னதுரைக்கு மறந்துபோனது.

அந்த நேரம் பார்த்துச் சாந்தா எட்டிப் பார்த்தாள். அம்மை கண்டவர் அடுத்த அறையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் வெற்றிச்செல்வி ஓடி வந்தார். நான்தான் அவரைக் கூப்பிட்டேன் என்று ஜமால் முகமது சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முத்து இல்லை. வேப்பிலை எதற்கு என்ற கேள்வி வந்தது. கடைசியில் உண்மையும் வந்தது. மூன்றாவது தடவை.

சாயந்திரம் சின்னதுரை தன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜமால் முகமது கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போவது மங்கலாகத் தெரிந்தது. வெகுநேரம் கழித்துத் திரும்பினார். மறுபடி போனார். இரண்டாவது தடவை இராமலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது இவரைக் கடந்து போனார், நின்று ஒரு வார்த்தை பேசவில்லை.

சின்னதுரைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூப்பிட்டு உட்காரவைத்து, எத்தனை அடி, எங்கே நின்றீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டது எதற்கு? மேனேஜரிடம் போய் ஒப்பிக்கத்தான். இந்த ஆளுக்கு அடிக்கடி வந்து தொந்தரவாக இருக்கிறது, பின்கட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லத்தான். கூட இராமலிங்கம் சாட்சி. வெற்றிலை கொடுத்த கை என்று நம்பினோமே என்று மனசு கசந்தது. இரவுச் சாப்பாட்டில் ஜமால் முகமது இட்லித் தட்டை இவர் பக்கம் நகர்த்தினார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெற்றிச்செல்வி வந்து தீர்ப்பைச் சொன்னார். நாளை மதியம் செயலாளர் முன்னால் ஒரே ஒரு வாய்ப்பு. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து யார் துணையும் இல்லாமல் நடந்து தன் அறையைத் திறக்க வேண்டும். திறந்தால் இங்கேயே இருக்கலாம்.

"தப்பா திறந்தா பொட்டியைக் கட்டணும் ஐயா," என்றார்.

அவர் பெட்டியை அப்போதே கட்டிவிட்டார். நான்கு வேட்டி, பெண்டாட்டி போட்டோ, மாத்திரை டப்பா. தோல்பையை மட்டும் ஆணியிலேயே விட்டார். கடைசி ஸ்டாப் வரும்வரை கண்டக்டர் பையை இறக்கக் கூடாது.

வியாழக்கிழமை காலை, பரீட்சை நாளும் அதுவுமாக, அரியலூரில் கண் முகாம் என்று வேனில் ஏற்றிவிட்டார்கள். இன்றைக்கு வேண்டாமே என்று கெஞ்சிப் பார்த்தார். மேடம் சொன்னார் என்று ஏற்றினார்கள். கிளம்பும்போது செந்துறை வண்டி எதிரே போனது. ஜன்னலில் இருந்திருந்தால் ரைட் சொல்லியிருக்கலாம், கடைசித் தடவையாக. முகாமில் கண்ணில் ஏதோ சொட்டு விட்டு, ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்கள். சொட்டு விட்டதில் முன்னைவிட மங்கலாக இருந்தது.

சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளைச் சட்டையில் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாழ்வாரத்தின் வலது ஓரம் முழுக்க ஆட்கள். இராமலிங்கம் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். இருமலுக்காகவா, மணி கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவா என்று தெரியவில்லை.

சின்னதுரை நிலைப்படியில் நின்றார். நாற்பத்தாறும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தோற்றாலும் முப்பத்தெட்டிலேயே தோற்போம் என்று முடிவு செய்து வாக்கரை நகர்த்தினார்.

ஒன்று. இரண்டு. செருப்பு தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பத்து. பதினைந்தில் வாக்கர் ஒரு தடவை தடுக்கியது. யாரோ பிடிக்க வந்தார்கள், மேனேஜர் கையைக் காட்டித் தடுத்தார். இருபத்தெட்டு. முப்பத்தைந்து. வியர்வை கண்ணில் இறங்கியது. முப்பத்தெட்டு.

இடது பக்கம் திரும்பினார். தொழுகை விரிப்பு இருக்கக் கூடாதே மாரியாத்தா என்று, நேற்றுக் கோபித்துக்கொண்டிருப்பாளோ என்ற பயத்தோடு வேண்டிக்கொண்டு, கதவைத் தள்ளினார்.

ஆணியில் தோல்பை. கட்டிலுக்குக் கீழே, கயிறு கட்டிய அவர் பெட்டி.

எல்லோரும் கை தட்டினார்கள். சாந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செயலாளர் பதிவேட்டில் என்னவோ எழுதி, நல்ல தெளிவா இருக்காரே என்று வெற்றிச்செல்வியைப் பார்த்துச் சொன்னார். வெற்றிச்செல்வி ஆமாங்க சார் என்று சொல்லிவிட்டு அவசரமாக அவரை ஆபீஸ் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கூட்டத்தில் ஜமால் முகமது கடைசியில் நின்றிருந்தார். அவரும் தட்டினார். சின்னதுரை அதைப் பார்க்காத மாதிரி கதவைச் சாத்திக்கொண்டார்.

சாத்திய பிறகு அறை வெறிச்சென்று ஆனது. ஜெயித்த மனிதர் அதை யாரிடமாவது சொல்ல வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, பெண்டாட்டி போட்டோவை எடுத்து வைத்துச் சொன்னார். அவள் எப்போதும் போலக் கேட்டுக்கொண்டாள். ஜன்னலருகே போய் உட்கார்ந்தார். புளியமரம் மறுபடியும் நகர்ந்து ஓரத்துக்கே போய்விட்டிருந்தது. நெடுஞ்சாலைக்காரர்களுக்கு வேறு வேலையே இல்லை என்று அலுத்துக்கொண்டார். மூன்றே முக்கால் வண்டி வந்தது. "போலாம், ரைட்," என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

நான்கு மணிக்குக் கொளஞ்சி டீ கொண்டுவந்தாள். கதவு திறந்தபோது, தாழ்வாரத்தில் ஜமால் முகமது தண்ணீர்க் குவளையோடு கைத்தடியை ஊன்றி ஊன்றிப் போவது தெரிந்தது. அசர் தொழுகைக்கு முகம் கை கால் கழுவப் போகிறார். குழாய் முதல் அறை வாசலிலேயேதான் இருந்தது. கதவைத் திறந்து கையை நீட்டினால் தண்ணீர் என்று பாய் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற குழாய். இன்றைக்கு மனிதர் என்னவோ அதற்கே தூரத்திலிருந்து வருகிறவர் மாதிரி, சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார்.

"பாத்தியா கொளஞ்சி," என்றார் சின்னதுரை, அவர் காதில் விழட்டும் என்றே. "மூணு வருஷமா முப்பத்தெட்டு. ஒரு அடி கூடல, ஒரு அடி கொறையல. நடுவுல நாலு நாள் நேரம் சரியில்ல, அவ்வளவுதான். என்னைய பின்கட்டுக்குத் தள்ளணும்னு ஆபீஸுக்கு நடையா நடந்தாங்களே சில பேரு, இப்ப என்னாச்சு? என் ரூமை யாராச்சும் அசைக்க முடிஞ்சுதா?"

கொளஞ்சி டீயை வைத்துவிட்டுத் திரும்பி, தாழ்வாரத்தில் நின்ற மனிதரைப் பார்த்தாள். சொல்லக் கூடாது என்று பாய் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மாப்புக் கட்டையைக் கையில் எடுத்தாள், கீழே வைத்தாள், அப்புறம் சொல்லிவிட்டாள்:

"பெரியப்பா, இனிமேயாச்சும் காலை எட்டி வைங்க, போன வருஷம் நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப இராமலிங்கம் ஐயா தன் ரூமை உங்களுக்குக் காலி பண்ணாரு, இன்னைக்கு பாய் காலி பண்ணாரு, உங்க முப்பத்தெட்டு இன்னும் கொறைஞ்சா சாப்பாட்டுக் கூடத்துலதான் உங்க கட்டிலைக் கொண்டாந்து போடணும்."